டாக்குமென்டேஷனே இல்லாத சாஃப்ட்வேர நோண்டிப் பழகறது எப்படி

ஒரு சாஃப்ட்வேர் கைக்கு வருது. ஃபோல்டர தொறந்தா ரீட்மீன்னு ஒரு ஃபைல், அதுல ரெண்டே வரி, இன்ஸ்டால் பண்ணி ரன் பண்ணுங்கன்னு. எதுக்கு யூஸ் ஆகும், என்ன குடுக்கணும், என்ன வரும், ஒன்னும் கெடையாது. ஆபீஸ்ல இப்படி ஒன்னு வந்தா பக்கத்து சீட்டுக்காரர கேட்டுக்கலாம், வீட்ல சனி ஞாயிறு ஆசைக்கு உக்காந்து பாக்குறவங்களுக்கு அந்த வசதி இல்ல, அதனால நெறைய பேர் அந்த ரெண்டு வரியோடயே மூடி வச்சிடறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். ப்ரோக்ராமிங்ல புலியா இருக்கணும்னு அவசியம் இல்ல, டெர்மினல தொறந்து ஒரு ஃபோல்டருக்குள்ள போயி ஒரு கமாண்ட் அடிக்கத் தெரிஞ்சா போதும்.

மெயின் விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். எழுதி வைக்காதத எல்லாம் அந்த சாஃப்ட்வேர்கிட்டயே கேட்டு வாங்கிக்கலாம். ஒவ்வொரு தடவ ரன் பண்றதும் ஒரு கேள்வி. அந்தக் கேள்வி சின்னதா இருக்கணும், என்ன பதில் வரும்னு ரன் பண்றதுக்கு முன்னாடியே நம்ம மனசுல ஒரு கணக்கு இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாம எதையாவது தட்டிட்டே இருந்தா, கடைசில அது ஓடினாக்கூட ஏன் ஓடுச்சுன்னு தெரியாது, அடுத்த வாரம் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டாக்குமென்டேஷன் ஏன் இல்லன்னு கேட்டா, எழுதினவருக்கு அது தேவப்படல, அவ்ளோதான். இந்த மாதிரி சின்ன சாஃப்ட்வேர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒருத்தர் தன் வேலைக்குன்னு எழுதி, யாருக்காவது ஒதவட்டும்னு வெளிய வச்சது. நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாதிரி, போர்டு இருக்காது, டெய்லி ஏறுறவங்களுக்கு எங்க நிக்கும் எவ்ளோ குடுக்கணும்னு தெரியும், புதுசா வர்றவங்க கேட்டுத்தான் ஏறணும். அதனால எழுதினவர் மேல கோவப்படறதுல அர்த்தமே இல்ல, ஃப்ரீயா குடுத்திருக்காரு. இன்னைக்கு உலகம் பூரா சர்வர்ல ஓடற லினக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தயே 1991 ஆகஸ்ட் 25 அன்னைக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவிச்சப்போ, இது சும்மா ஹாபிக்குத்தான், பெருசா எல்லாம் வராதுன்னு சொல்லித்தான் அறிவிச்சாரு.

நேர் எதிர் உதாரணமும் ஒன்னு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல யூனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்த எழுதின கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பர்லயே அதுக்கு மேனுவல் போட்டுட்டாங்க, அதுல கமாண்டோட விளக்கத்துக்குக் கீழ பக்ஸ்னு தனியா ஒரு தலைப்பு, இது இது சரியா வேல செய்யாதுன்னு அவங்களே எழுதி வச்சாங்க. அந்தத் தலைப்பு இன்னைக்கும் மேன் பேஜ்ல, அதாவது டெர்மினல்ல மேன்னு அடிச்சு கமாண்ட் பேர் போட்டா வர்ற மேனுவல் பக்கத்துல இருக்கு. உங்க சாஃப்ட்வேருக்கு மேன் பேஜ் இருந்தா ஆரம்பத்த விட்டுட்டு கீழ அந்தத் தலைப்புக்கு முதல்ல போங்க, எழுதினவர் எங்க கஷ்டப்பட்டாருன்னு அங்கதான் தெரியும்.

நோண்டறதுக்கு முன்னாடி ஒரு எடம்

தெரியாத சாஃப்ட்வேர உங்க மெயின் லேப்டாப்ல, கல்யாண ஃபோட்டோவும் பேங்க் லாகினும் இருக்கற அதே எடத்துல ஓட விடாதீங்க. இதுல நான் கறாரா இருப்பேன். வர்ச்சுவல் மெஷின் ஒன்னு போட்டுக்கோங்க, அதாவது உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர், அது கெட்டுப்போனா அழிச்சிட்டு புதுசா போட்டுக்கலாம். அதுக்கான சாஃப்ட்வேர்ல விர்ச்சுவல்பாக்ஸ் ஆரம்பிக்கறவங்களுக்கு ஈஸி, கியூஈஎம்யூ கொஞ்சம் முரடு ஆனா ரொம்ப சக்தி வாய்ந்தது, ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003ல வெளியிட்டது. 8 ஜிபி ராம் இருக்கற லேப்டாப்ல 2 ஜிபி ஒதுக்கி ஒரு சின்ன லினக்ஸ் தாராளமா ஓடும். வசதி இருந்தா சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போயி ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி அத இதுக்குன்னே வச்சுக்கறதும் நல்ல வழி, அங்க போனா யூஎஸ்பி மவுஸ் ஒன்னும் சேத்து வாங்கிக்கோங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

வர்ச்சுவல் மெஷின்ல ஸ்நாப்ஷாட்னு ஒரு வசதி இருக்கு, இப்ப இருக்கற நெலமைய அப்படியே ஒரு பேர் போட்டு சேவ் பண்ணிக்கும், எப்ப வேணா அந்த நெலமைக்குத் திரும்பலாம். புது சாஃப்ட்வேர் போடறதுக்கு முன்னாடி ஒன்னு, அது ஓட ஆரம்பிச்சதும் ஒன்னு எடுத்துக்கோங்க. கரண்ட் கட்டாகி உள்ள ஏதாவது ஃபைல் கெட்டாலும் பெரும்பாலும் பழைய நெலமைக்குத் திரும்பிடலாம். நெட்டு தேவைப்படாத ப்ரோக்ராம்னா நெட்டையும் ஆஃப் பண்ணிடுங்க. சூடோ போட்டு ரன் பண்ணுங்கன்னு ரீட்மீல இருந்தா, ஏன்னு புரியற வரைக்கும் போடாதீங்க, எழுத்த மாத்தித் தர்ற ஒரு ப்ரோக்ராமுக்கு அட்மின் உரிமை எதுக்கு?

ரன் பண்ணாமயே தெரிஞ்சுக்கறது

ஃபோல்டர்ல இருக்கற ஃபைல் பேரே பாதி கதைய சொல்லிடும். ரிக்வயர்மென்ட்ஸ்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருந்தா பைதான், பேக்கேஜ் டாட் ஜேசன் இருந்தா ஜாவாஸ்கிரிப்ட், கார்கோன்னு பேர் இருந்தா ரஸ்ட், மேக்ஃபைல் மட்டும் இருந்தா பெரும்பாலும் சி. எக்ஸாம்பிள்ஸ்னோ டெஸ்ட்ஸ்னோ ஒரு ஃபோல்டர் இருந்தா அதான் உண்மையான டாக்குமென்டேஷன். டெஸ்ட்னா என்ன, இத குடுத்தா இது வரணும்னு எழுதினவரே எழுதி வச்சது, அத கம்ப்யூட்டரே சரி பாக்கும், அதனால ரீட்மீ பழசாகிப் போனாலும் டெஸ்ட் பெரும்பாலும் நெசத்த சொல்லும்.

அடுத்தது தேதி. கோட்ல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கற கிட்ங்கற டூல் இருந்தா கிட் லாக் அடிச்சு கடைசியா எப்ப தொட்டிருக்காங்கன்னு பாருங்க. 2012ல நின்னு போன பைதான் ப்ரோக்ராம்னா அது பைதான் 2 ஆ இருக்க வாய்ப்பு அதிகம், அந்த வெர்ஷனுக்கு 2020 ஜனவரி 1 ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. இப்ப உங்ககிட்ட இருக்கற பைதான் 3ல அத ஓட விட்டா முதல் வரியிலயே பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி காணோம்னு எரர் வரும். அடைப்புக்குறி போட்டுட்டா ஓடிடும்னு தோணும், தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட ப்ரோக்ராம்னா அத்தோட விடாது, பைதான் 2ல சாதாரண ஸ்ட்ரிங்னா வெறும் பைட்டு, 3ல அது யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கற முறை, அதனால அடைப்புக்குறி போட்டதுக்கு அப்புறம் வேற எடத்துல ஒடையும். தேதி ஒன்ன பாத்தாலே இவ்ளோ தெரிஞ்சுடுது. லைசென்ஸ் ஃபைலும் பாத்துடுங்க, அது இல்லாத கோட காப்பி பண்ணி நம்ம பேர்ல வெளியிட நமக்கு உரிமை கெடையாது.

சின்னக் கேள்வின்னா எவ்ளோ சின்னது

இத ஒரு உதாரணத்தோட பாத்தாத்தான் புரியும். திருவல்லிக்கேணில பழைய டிடிபி கட வச்சிருக்கற ஒரு அண்ணன், "தம்பி, 2004லேர்ந்து அடிச்ச பத்திரிகை மேட்டர் எல்லாம் இந்த ஹார்ட் டிஸ்க்ல இருக்கு பா, புது சிஸ்டத்துல தொறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா வருது"ன்னு குடுத்தாரு. பாத்தா எல்லாம் பாமினி ஃபாண்ட். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல தமிழுக்குன்னு தனி எண் கெடையாது, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் எழுத்தோட உருவத்த வரஞ்சு வச்சிருப்பாங்க. அந்த ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்துல தொறந்தா அடியில இருக்கற இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். இத யூனிகோடுக்கு மாத்த யாரோ எழுதி வச்ச ஒரு சின்ன பைதான் ப்ரோக்ராம் கெடைச்சுது, விளக்கம் எதுவும் இல்ல.

இங்க எல்லாரும் உடனே செய்ய நெனைக்கறது 40 பக்க ஃபைல அப்படியே உள்ள தள்றது. தள்ளினா ஏதோ வரும், அது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? அதனால விடை முன்னாடியே தெரிஞ்ச ஒரே ஒரு வார்த்தய குடுக்கணும். பாமினில தமிழ்னு வரணும்னா ஜே, கே, பி, ஓ, செமிகோலன், அஞ்சு கீ. ஜே த, கே ம, பி இகரக் கொக்கி, ஓ ழ, செமிகோலன் புள்ளி. இத குடுத்தா தமிழ்னு வரணும். இதான் முதல் கேள்வி.

இதுக்குள்ளயே ஒரு பொறி இருக்கு பாருங்க. அந்த அஞ்சு எழுத்த டெர்மினல்ல எக்கோ கமாண்டோட நேரடியா அடிச்சு ப்ரோக்ராமுக்கு அனுப்பணும்னு பாத்தா சரிப்படாது, ஏன்னா டெர்மினல்ல நாம அடிக்கற கமாண்ட படிச்சு ஓட விடற ஷெல்லுக்கு செமிகோலன்னா இந்தக் கமாண்ட் இத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம், அது அங்கயே வெட்டிடும். அடுத்து ப்ரோக்ராமுக்கு அனுப்பற பைப் குறி வந்ததும் ஷெல் எரர் குடுத்துடும், கன்வெர்ட்டருக்கு ஒன்னுமே போகாது. செமிகோலன விட்டுட்டு மீதி நாலு எழுத்த மட்டும் கன்வெர்ட்டருக்குக் குடுத்தா புள்ளி இல்லாம "தமிழ"ன்னு நிக்கும். பாக்கறவங்க கன்வெர்ட்டர்ல பக்னு நெனைப்பாங்க, கன்வெர்ட்டர் பாவம் சரியாத்தான் செஞ்சிருக்கும். டாலர் குறியும் இதே மாதிரி, பாமினில அது கூ, ஷெல்லுக்கு அது வேரியபிள். அதனால சோதனைக்கான எழுத்த எப்பவும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு அந்த ஃபைல குடுங்க, நடுவுல யாரும் கை வைக்க முடியாது. தெரியாத சாஃப்ட்வேர்ல ஒரு தப்பு தெரிஞ்சா அது அந்த சாஃப்ட்வேரோட தப்பா, இல்ல நம்ம குடுத்த வழியில நடந்ததான்னு பிரிச்சுப் பாக்கறது இந்த விளையாட்டுல பாதி.

வந்த பதில கண்ணால மட்டும் பாக்காதீங்க, எண்ணிப் பாருங்க. யூனிகோட்ல தமிழ்ங்கறது த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு எண், அந்த எண்ண ஃபைல்ல எழுதற யூடிஎஃப் 8ங்கற முறைல தமிழ் எண் ஒவ்வொன்னும் 3 பைட்டு, ஆக 15 பைட்டு. டபிள்யூசி கமாண்டுக்கு சி ஆப்ஷன் போட்டா பைட்ட எண்ணும், கடைசில என்டர் இருந்தா 16 காட்டும். 15ஓ 16ஓ வந்தா நிம்மதி, 19னு வந்தா கண்ணுக்குத் தெரியாம ஏதோ ஒன்னு உள்ள ஒட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் ஃபைல் ஆரம்பத்துல ஒட்டிக்கற பாம்னு சொல்ற 3 பைட்டு.

முதல் கேள்வி பாஸாச்சுன்னா அடுத்தது வேணும்னே கஷ்டமான கேள்வி. "கொ" குடுங்க. பாமினில டைப் அடிக்கறது கண்ணுக்குத் தெரியற வரிசையில, முதல்ல ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க தான் முதல்ல, ஒகரக் குறி அதுக்கப்புறம். அதனால எழுத்துக்கு எழுத்து மாத்திட்டுப் போற கன்வெர்ட்டர் இங்க மாட்டும், புள்ளி வட்டத்தோட ஒரு அநாதக் கொம்பு தனியா நிக்கும், பக்கத்துல கா இருக்கும். இடத்த மாத்தத் தெரிஞ்ச கன்வெர்ட்டரா இல்லயான்னு இந்த ஒரே எழுத்துல தெரிஞ்சுடும்.

இன்னும் கொஞ்சம் ஆழமா போனா ரொம்ப சுவாரஸ்யம். நீங்க நெறைய எடத்துல "வௌியே", "வௌிநாடு"ன்னு ஒரு மாதிரி வித்தியாசமா எழுதி இருக்கறத பாத்திருப்பீங்க. பாமினில ஔகாரத்துக்கு வலது பக்கம் போடற உருவமும் ள எழுத்தும் ஒரே கீதான். அப்ப கொம்பு, வ, ள-ன்னு மூனு வந்தா அது வௌ-வா இல்ல வெள-வா? கன்வெர்ட்டர் எழுதினவர் கௌரவம், பௌர்ணமி எல்லாம் சரியா வரணும்னு மூனையும் சேத்து ஔகாரமா மாத்திடுவாரு, அதனால வெளி மாட்டிக்கும். அடுத்து இகரக் குறியோ புள்ளியோ வந்தா அது ள தான்னு ஒரு விதி சேத்தா வெளி தப்பிச்சுடும். வேற எடத்துல குறி எதுவும் பின்னால வரலன்னா, அகராதிய பாக்காம எந்த ப்ரோக்ராமாலயும் முடிவு பண்ண முடியாது. இது பக் கெடையாது, பழைய ஃபாண்ட்லயே அந்தத் தகவல் இல்ல. எந்தக் குறைய கோட்ல திருத்தலாம், எந்தக் குறை டேட்டாவுலயே இருக்குன்னு பிரிச்சு சொல்ல முடிஞ்சா அந்த சாஃப்ட்வேர நீங்க புரிஞ்சுக்கிட்டீங்கன்னு தைரியமா சொல்லலாம்.

நடுவுல நெஜமான இங்கிலீஷ் வார்த்தை வந்தா என்ன ஆகும்னு மூனாவதா கேளுங்க. வெறும் டெக்ஸ்டா எடுத்துட்டா எது பாமினி எது இங்கிலீஷ்னு ஃபாண்ட் பேர் தொலஞ்சு போயிடும், பத்திரிகைல ஃபோன்னு இங்கிலீஷ்ல இருந்ததும் தமிழ் எழுத்துக் குப்பையா மாறிடும். வேர்டு ஃபைல்லேர்ந்தே ஃபாண்ட் பேரோட எடுக்கணும்னு அப்பத்தான் புரியும்.

வாயத் தொறக்காத ப்ரோக்ராம்

எரர் வந்தா சந்தோஷப்படுங்க, அது பேசுது. பைதான் எரர்னா கடைசி வரியிலேர்ந்து மேல படிங்க, என்ன நடந்துதுன்னு கடைசில தான் இருக்கும். சி ப்ரோக்ராம் கம்பைல் பண்ணும்போது நூறு எரர் கொட்டினா நேர் மாறா முதல் எரர மட்டும் பாருங்க, மீதி எல்லாம் பெரும்பாலும் அதோட பிள்ளைங்க.

கஷ்டம் எதுன்னா எதுவுமே சொல்லாம முடிஞ்சு போற ப்ரோக்ராம். அப்ப முதல் வேல, டாலர் குறியும் கேள்விக்குறியும் சேத்து எக்கோ பண்ணுங்க, கடைசி கமாண்ட் எந்த நெலமைல முடிஞ்சுதுன்னு ஒரு எண் வரும். 0 ன்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அது நெனைக்குது, வேற எதுவா இருந்தாலும் ஏதோ பிரச்சன, 127னா அப்படி ஒரு கமாண்டே இல்லன்னு ஷெல் சொல்லுது.

அடுத்த ஆயுதம் எஸ்ட்ரேஸ். லினக்ஸ்ல ஒரு ப்ரோக்ராம், சிஸ்டத்தோட மையமான கெர்னல்கிட்ட கேக்கற ஒவ்வொன்னையும், இந்த ஃபைல தொற, இத படி, அத எழுதுன்னு, நமக்குக் காட்டும். பேசாத ப்ரோக்ராம்கூட இதுல ஒளிய முடியாது. அப்படியே ஓட விட்டா ஆயிரக்கணக்குல வரி வரும், ஃபைல தொறக்கக் கேக்கற ஓபன்அட் மட்டும் காட்டுன்னு ஃபில்டர் போட்டுக்கோங்க, பைதான் ஆரம்பிக்கும்போதே தன் சொந்த ஃபைல்கள அங்கயும் இங்கயும் தேடி பல எடத்துல இல்லன்னு பதில் வாங்கும், அது சகஜம், பயப்படாதீங்க. கடைசிப் பத்து இருபது வரிய மட்டும் பாருங்க. அந்த கன்வெர்ட்டர வேற ஃபோல்டர்லேர்ந்து கூப்பிட்டப்போ சத்தமே இல்லாம முடிஞ்சுது, எஸ்ட்ரேஸ்ல பாத்தா கடைசிக்கு முன்னாடி ஒரு வரில மேப்பிங்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல தேடுது, பக்கத்துல ஈ என் ஓ ஈ என் டின்னு பதில், அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்ல. பாதை எதுவும் போடாம வெறும் பேர் மட்டும் இருந்துது, அப்ப நாம எந்த ஃபோல்டர்ல நிக்கறோமோ அங்க மட்டும்தான் அது தேடும். ப்ரோக்ராம் இருக்கற ஃபோல்டருக்குள்ளயே போயி ரன் பண்ணதும் ஓடிச்சு. ரீட்மீல ஒரே ஒரு வரி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும், ஆனா அந்த வரி இல்லாமயும் ஒரே கமாண்ட்ல தெரிஞ்சுக்க முடிஞ்சுது பாருங்க, அதான் இதுல எனக்குப் பெரிய சந்தோஷம். விண்டோஸ்ல இதே வேலைய ப்ராசஸ் மானிட்டர்னு மைக்ரோசாஃப்டோட இலவச டூல் செய்யும்.

ஏஐ சாட் டூல்கிட்ட கேக்கலாமான்னு கேப்பீங்க, கேளுங்க, கோட ஒட்டி இந்த ஃபங்ஷன் என்ன பண்ணுதுன்னு கேட்டா நல்லாவே சொல்லும். ஆனா அதிகம் பேர் யூஸ் பண்ணாத சாஃப்ட்வேரப் பத்தி பொதுவா கேட்டா இல்லாத ஆப்ஷன இருக்குன்னு சொல்ற வாய்ப்பு ஜாஸ்தி, அதனால அது சொன்ன ஒவ்வொரு ஆப்ஷனையும், ப்ரோக்ராம் பேரோட ஹெல்ப் ஆப்ஷன் போட்டா வர்ற பட்டியல்ல இருக்கான்னு பாத்துட்டு அடிங்க.

பழக்கமே எதிரியாகற எடம்

சில சாஃப்ட்வேர்ல டாக்குமென்டேஷன் ஓரளவு இருந்தும் திணறுவோம், ஏன்னா அது நமக்குப் பழக்கமான எதையும் மாதிரி இல்ல. ப்ளான் 9 அப்படி ஒன்னு. யூனிக்ஸ் எழுதின அதே பெல் லேப்ஸ் ஆளுங்க அதுக்கு அடுத்ததா எழுதின ஆப்பரேட்டிங் சிஸ்டம், இப்ப 9ஃப்ரண்ட்னு ஒரு வடிவத்த ஆர்வலருங்க பராமரிக்கறாங்க. வர்ச்சுவல் மெஷின்ல போட்டு பூட் பண்ணா ஒரு சாம்பல் நெற ஸ்க்ரீன், ஐகான் கெடையாது, கீழ டாஸ்க்பார் கெடையாது. எவ்ளோ க்ளிக் பண்ணாலும் ஒன்னும் ஆகாது. ரைட் பட்டன அமுக்கிப் பிடிச்சா ஒரு மெனு, அதுல நியூவ செலக்ட் பண்ணி, திரும்ப ரைட் பட்டன பிடிச்சு இழுத்து எவ்ளோ பெரிய விண்டோ வேணும்னு நாமளே ஸ்க்ரீன்ல வரையணும். மவுஸ்ல மூனு பட்டனும் இதுக்கு உயிர், டச்பேட வச்சுக்கிட்டு ரொம்ப சிரமப்படுவீங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல மவுஸ் வாங்கச் சொன்னது இதுக்குத்தான், சக்கரத்த அமுக்கினா அது நடு பட்டன்.

இதுக்காக ஏன் மெனக்கெடணும்னா, நீங்க இப்ப படிக்கற தமிழ் எழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. மேல 3 பைட்டுன்னு சொன்னேனே, அந்த யூடிஎஃப் 8 ஐ 1992 செப்டம்பர்ல கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சில ஒரு சாப்பாட்டுக் கடை மேஜைல விரிச்சிருந்த பேப்பர்ல போட்டு வடிவமைச்சாங்க, உடனே ப்ளான் 9 முழுசையும் அதுக்கு மாத்தினாங்க. இந்த மாதிரி சிஸ்டத்துல உக்காரும்போது எனக்கு உண்மையிலயே ஒரு மரியாத வரும். இங்கயும் அதே முறைதான், ஒரு பட்டன், ஒரு ஊகம், ஒரு பதில், நோட்டுல ஒரு வரி.

நோட்டு

அந்த நோட்டப் பத்தி சொல்லாம விட்டா எல்லாம் வீண். என்ன குடுத்தேன், என்ன எதிர்பாத்தேன், என்ன வந்துது, மூனே விஷயம், தமிழ்லயே எழுதுங்க, தேதி போடுங்க. எதிர்பாத்தத ரன் பண்றதுக்கு முன்னாடி எழுதணும், அப்புறம் எழுதினா மனசு தனக்குத் தோதா மாத்திக்கும். லினக்ஸ்ல ஸ்க்ரிப்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அத அடிச்சிட்டு வேல பாத்தா டெர்மினல்ல நடந்தது எல்லாம் ஒரு ஃபைல்ல பதிவாகும், எக்ஸிட் அடிச்சா நிக்கும். அதுலேர்ந்து முக்கியமானத மட்டும் நோட்டுக்கு எடுத்துக்கலாம்.

கொஞ்ச நாள்ல உங்க நோட்டே அந்த சாஃப்ட்வேருக்கு உலகத்துல இருக்கற நல்ல டாக்குமென்டேஷனா இருக்கும், இது மிகை இல்ல, சின்ன சாஃப்ட்வேருக்கு இதான் நெலம. அத எழுதினவருக்கு அனுப்புங்க. வேல செய்யலன்னு மொட்டையா எழுதாதீங்க, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்த பைதான் வெர்ஷன், எந்தச் சின்ன ஃபைல் குடுத்தா தப்பு வருது, என்ன வரணும், என்ன வந்துது, இது அஞ்சும் இருந்தா அவரு நம்ம நேரத்த மதிப்பாரு. ரீட்மீக்கு சேக்க வேண்டிய வரிய நீங்களே எழுதி அனுப்பினா இன்னும் நல்லது, "இந்த ஃபோல்டருக்குள்ள இருந்து ரன் பண்ணவும்" மாதிரி ஒரு வரி அடுத்து வர்ற ஒருத்தருக்கு ஒரு சாயங்காலத்த மிச்சம் பண்ணும். நேர்ல கேட்டுப் பேசணும்னா சென்னைல லினக்ஸ் யூசர் க்ரூப் பல வருஷமா இருக்கு, ஐஎல்யூஜிசின்னு சொல்வாங்க, நோட்டோட போனீங்கன்னா பேச்சு சட்டுனு விஷயத்துக்கு வந்துடும்.

எவ்ளோ நேரம் மல்லுக்கட்டறதுன்னும் முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டு சாயங்காலம் உக்காந்தும் ஒரு புது வரிகூட நோட்டுல ஏறலன்னா அத தள்ளி வச்சிட்டு வேற ஒன்னு எடுங்க. ஓடல ஆனா தெனம் புதுசா ஏதோ தெரிய வருதுன்னா விடாதீங்க.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா, ஹைக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் நல்ல தொடக்கம், பீஓஎஸ்ங்கற பழைய சிஸ்டத்த திரும்ப எழுதணும்னு 2001ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், வித்தியாசமாவும் இருக்கும், கூடவே யூசர் கைடும் உண்டு. தமிழ் வேலையா வேணும்னா டெஸராக்ட், படத்துல இருக்கற எழுத்த டெக்ஸ்டா மாத்தற ப்ரோக்ராம், ஹெச்பில 1985லேர்ந்து உருவாகி 2005ல ஓப்பன் சோர்ஸ் ஆனது. தமிழுக்கு டி ஏ எம்னு மொழிக் குறி குடுக்கணும், தமிழுக்கான டேட்டா ஃபைல் தனியா வேணும், அது இல்லன்னா எந்த எடத்துல தேடிப் பாத்தேன்னு அதுவே எரர்ல சொல்லிடும். முதல் கேள்வியா ஒரு முழுப் பக்கத்த குடுக்காதீங்க, தெளிவா அச்சான ஒரே ஒரு வரிய ஃபோட்டோ எடுத்துக் குடுங்க, அவுட்புட் ஃபைலுக்கு வெறும் பேர் மட்டும் போடுங்க, டாட் டிஎக்ஸ்டி அதுவே சேத்துக்கும்.